ஹைவேயில் ஸ்லிப் ஆகும் பழைய சில்வராடோவுக்கு ஓபிடிலிங்க் எல்எக்ஸ் வாங்கலாமா?

1999 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வராடோ 1500 வண்டிகளில் 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி உண்டு. ஊருக்குள் ஒழுங்காக ஓடும். ஹைவேயில் அரை மணி நேரம் ஓடி எண்ணெய் சூடானதும், ஆக்ஸிலரேட்டரை அசைக்காமலே ஆர்பிஎம் முள் 150, 200 ஏறி இறங்கத் தொடங்கும். "பெட்டி போச்சு, ரீபில்ட் பண்ணணும்" என்று எவராவது சொல்வதற்குள், எது ஸ்லிப் ஆகிறது என்று நாமே பார்த்துவிடலாம். அதற்கு, வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் போனில் காட்டும் ஓபிடிலிங்க் எல்எக்ஸ் என்ற இந்தச் சின்ன ப்ளூடூத் அடாப்டர் போதுமா என்பதுதான் இங்கே பேச்சு.

போதும். ஆனால் ஈஎல்எம்327 என்ற அடாப்டர் சிப்பின் மலிவு விலை நகல்களை இந்த வண்டிக்கு வாங்காதீர்கள். இது கேன் பஸ் (புதிய வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் பேசும் முறை) வண்டி அல்ல. ஜே1850 விபிடபிள்யூ என்ற பழைய முறையில், ஓபிடி சாக்கெட்டின் (அடாப்டரைச் செருகும் இடம்) 2ஆம் பின் வழியாகப் பேசும். நகல்களில் பலவற்றுக்கு, முக்கியமாக வி2.1 என்று எழுதி விற்பவற்றுக்கு, இந்தப் பாஷை தெரியாது. லைட் எரியும், போன் இணையும், வண்டி மட்டும் பதில் சொல்லாது. எல்எக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, விபிடபிள்யூவின் வேகம் நொடிக்கு 10.4 கிலோபிட்தான். டாஷ்போர்டில் பன்னிரண்டு மீட்டரை அடுக்கினால் ஒவ்வொன்றும் நொண்டி நொண்டி வரும், 200 ஆர்பிஎம் துள்ளல் கண்ணிலேயே படாது. ஆர்பிஎம், வேகம், த்ராட்டில், கியர் எண்ணெய்ச் சூடு ஆகிய நான்கை மட்டும் வையுங்கள். எண்ணெய்ச் சூடு பொதுப் பட்டியலில் கிடைக்காது. டார்க் ப்ரோ செயலியில் 221940 என்று புது பிஐடி (வண்டியிடம் ஓர் அளவைக் கேட்கும் எண்) சேர்த்து, சூத்திரம் ஏ-40, ஹெடர் 6சி10எஃப்1 என்று கொடுத்தால் செல்சியஸில் வரும்.

அடுத்து கணக்கு. க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் ஜியூ6 என்றிருந்தால் ஆக்ஸில் விகிதம் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. 3.73 ஆக்ஸிலும் 245/75ஆர்16 டயரும் உள்ள வண்டி நான்காவது கியரில் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) லாக் ஆகி, அதாவது நழுவாமல் நேராகப் பிடித்து, 100 கிமீ வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் சுமார் 1,830 காட்ட வேண்டும். மூன்றாவது கியரில் லாக் ஆகியிருந்தால் சுமார் 2,630. டயர் தேய்மானத்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும். வேகம் முழு எண்ணாகவே வருவதால் 20 ஆர்பிஎம் வித்தியாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். டயர் அளவை மாற்றியிருந்தால் முதலில் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் 80 டிகிரி தாண்டியபின், சமமான சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 100இல் நிலையாகப் போங்கள். செயலியில் பதிவு ஓடட்டும், போனைப் பார்க்கும் வேலை பக்கத்தில் இருப்பவருக்கு. வலது காலை எடுக்காமல், இடது காலால் பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். லாக் விட்டு ஆர்பிஎம் 150 முதல் 300 வரை எகிறி, சில நொடிகளில் திரும்ப இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது. தொட்டும் எகிறவில்லையா? லாக் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது.

லாக் பிடித்தபிறகு ஆர்பிஎம் தானாக அலைந்து, கூடவே பி1870 என்ற ஸ்லிப் கோளாறுக் கோடும் வந்தால், பெரும்பாலும் பெட்டிக்குள் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வ் பாடிதான் காரணம். 1995இல் கன்வர்ட்டரை லாக் செய்யும் கிளட்சை சோலினாய்டு (மின்சார வால்வ்) துடிப்பால் மெல்லப் பிடிக்கும் முறை வந்தது. அந்தத் துடிப்பில் ஸ்டீல் வால்வ் ஓயாமல் ஆடி அலுமினியத் துளையைத் தேய்த்துவிடுகிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்ததும் அந்த இடைவெளியில் அழுத்தம் கசிகிறது. காலையில் நன்றாக ஓடி மதியம் தொல்லை தருவது இதனால்தான். கோடு விழுந்ததும் கம்ப்யூட்டர் லைன் பிரஷரை (பெட்டியின் எண்ணெய் அழுத்தம்) ஏற்றிவிடும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதைக்கும். துளையை ரீம் செய்து (கடைந்து அகலமாக்கி) பெரிய வால்வ் போட சோனாக்ஸ் கிட் கிடைக்கிறது. பெட்டியை இறக்கவே தேவையில்லாமல் போகலாம்.

ஆர்பிஎம் 500க்கு மேல் பாய்ந்து இழுவையே இல்லாமல் போனாலோ, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் அலறினாலோ கதை வேறு. அது மூன்றாவது, நான்காவது கியர்களைப் பிடிக்கும் 3-4 கிளட்ச் பேக். பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் கருத்த எண்ணெயும் எரிந்த வாடையும் இருக்கும். சுமார் 4.7 லிட்டர் டெக்ஸ்ரான் 6 கியர் எண்ணெய் மாற்றுவதால் அது சரியாகிவிடாது, ரீபில்ட்தான்.

அடாப்டரின் குறைகள்: ஐபோனில் வேலை செய்யாது, அதற்கு விலை கூடிய எம்எக்ஸ்+ வேண்டும். லைன் பிரஷரையும் காட்டாது. அதற்கு கியர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள 1/8 அங்குலத் துளையில் 300 பிஎஸ்ஐ கேஜ்தான் மாட்ட வேண்டும். அதைவிட, கிடைத்த எண்களை என்ன செய்வது என்று அடாப்டரோடு வரும் தாளில் ஒரு வரிகூட இல்லை.