பாரிஸ் - அல்சாஸ் பேக்கேஜ்: விசா வந்த பிறகு மாறிப்போன ஹோட்டல்கள்

விசா கோப்பில் வைக்கிற ஹோட்டல் ஒன்று, போய் இறங்கியதும் கிடைக்கிற ஹோட்டல் வேறு. இந்தத் தில்லுமுல்லுதான் எங்கள் ஒரு வார பிரான்ஸ் பயணத்தில் பாதியைத் தின்றது. ஐரோப்பா பேக்கேஜ் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நாலு பேர். அப்பாவுக்கு லூவர் அருங்காட்சியகம் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஏதாவது ஒரு கிராமத்தில், அவசரமே இல்லாமல், மூன்று நாள் இருக்க வேண்டும். அதனால்தான் பெரிய பஸ்ஸில் ஆறு நாடு ஓடுகிற டூர் வேண்டாம் என்று, எங்களுக்கென்றே தனியாகப் போட்டுத் தரச் சொன்னோம். சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்புவது. பாரிஸில் நான்கு இரவு, பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதியில் மூன்று இரவு. விமானம் தனி. தலைக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம், அதற்கு மேல் அப்போதைய விகிதப்படி 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது நிறுவனம் நம்மிடம் வாங்கி நம் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. விசாவுக்கு எல்லா இரவுக்கும் தங்குமிட உறுதிச்சீட்டு வேண்டும், முழுப் பணம் கட்டினால்தான் ஹோட்டல் உறுதியாகும் என்று சொல்லி முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

உறுதிச்சீட்டுகளும் வந்தன. பாரிஸில் நகரத்தின் நடுவே, ஓப்பரா பக்கம் ஒரு ஹோட்டல். அல்சாஸில் ரிக்விர் கிராமத்துக்குள்ளேயே, மரச்சட்டம் போட்ட பழைய வீடு ஒன்றில் விடுதி. ஜன்னல் நிறைய சிவப்புப் பூத்தொட்டி. அம்மா அந்தப் படத்தைத் தன் போனில் முகப்பில் வைத்துக்கொண்டார். எங்கள் பெயர், தேதி, புக்கிங் எண் எல்லாம் சரியாக இருந்தன. விசா விண்ணப்பத்தோடு கொடுத்தோம், விசா கிடைத்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு ‘இறுதிப் பயண ஆவணம்’ என்று ஒரு பிடிஎஃப் வந்தது. இரண்டு ஹோட்டல் பெயரும் மாறியிருந்தன. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’ என்று இருக்கிறது சார், இதுவும் அதே ஸ்டார்தான் என்றார்கள். புது முகவரியில் பாரிஸ் என்ற சொல் ஹோட்டல் பெயரில் மட்டும்தான் இருந்தது. அஞ்சல் குறியீடு 77-ல் தொடங்கியது. பாரிஸ் நகரத்துக் குறியீடு எல்லாம் 75-ல்தான் தொடங்கும். 77 என்பது கிழக்கே இருக்கும் சேன்-எ-மார்ன் மாவட்டம். ஆர்ஈஆர் ஏ என்ற புறநகர் ரயிலில் நகரத்தின் நடுவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல், ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கு லாரி போகிற சாலையோரமாக நடை வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி. மத்தியானம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம் என்றுதான் நகரத்துக்குள் ஹோட்டல் கேட்டிருந்தோம். அது நடக்கவே இல்லை. காலையில் கிளம்பினால் ராத்திரிதான் அறை.

ரிக்விர் விடுதிக்கு என் மனைவி மின்னஞ்சல் போட்டுக் கேட்டாள். அன்றைக்கே பதில் வந்தது. விடுதி நடத்தும் அம்மாள் மிகவும் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்: உங்கள் பெயரில் புக்கிங் இருந்தது, ஏஜென்ட் அதை ரத்து செய்துவிட்டார், இலவசமாக ரத்து செய்யும் வசதியில் போட்டிருந்ததால் எங்களுக்குப் பணம் எதுவும் வரவில்லை. ரத்தான தேதியோடு கணினிப் பதிவையும் இணைத்திருந்தார். பாஸ்போர்ட் எங்கள் கைக்கு வந்ததற்கு மறுநாள் தேதி. ஹோட்டல் கிடைக்காமல் போய் வேறு இடம் பார்க்கவில்லை. விசாவுக்கு நல்ல ஹோட்டலைக் காட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மலிவானதில் தள்ளியிருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல்தான் இப்போது புகாரில் முதல் ஆதாரம்.

இனி நாள் திட்டத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை வெர்சாய் அரண்மனை, செவ்வாய்க்கிழமை லூவர் என்று போட்டிருந்தார்கள். வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பல வருடமாக இதுதான் நடைமுறை, பிரான்ஸ் டூர் விற்பவர்களுக்கு இது பாலபாடம். தங்கப் பூச்சுப் போட்ட அந்தப் பெரிய கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாக முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார் அப்பா. கண்ணாடி மண்டபம் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால், “தோட்டம் திறந்துதானே சார் இருக்கு, அதைப் பாருங்க” என்று பதில். அன்றைக்குத் தோட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. எங்கள் பில்லில் ‘வெர்சாய் நுழைவு’ என்று நாலு பேருக்கும் போட்டு வாங்கியிருக்கிறார்கள். நோத்ரு தாம் தேவாலயத்துக்கும் அப்படித்தான். 2019-ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த அந்தத் தேவாலயத்துக்குள் போக யாரும் ஒரு சல்லிக்காசு கொடுக்க வேண்டியதில்லை. அதற்கும் பில்லில் ஒரு தொகை இருந்தது.

அன்று சாயங்காலம் லா ஷப்பெல் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. மாணிக்க விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு இடியாப்பமும் சொதியும் கிடைக்கிற ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். மேசையில் கிடந்த திட்டத்தாளைக் கடைக்கார அண்ணன் எடுத்துப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை லூவர் பூட்டு தம்பி. ஆர் உங்களுக்கு இதைப் போட்டுத் தந்தது? ரெண்டு நாளையும் மாத்திப் போட்டிருந்தா ரெண்டையும் பாத்திருக்கலாமே!” என்றார். உண்மைதான். திங்கள் லூவர், செவ்வாய் வெர்சாய் என்று மாற்றி எழுதியிருந்தால் போதும். எங்கள் திட்டத்தை அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட ஒருமுறை படித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசுகூட வாங்காமல் அவர்தான் எங்களுக்கு மறுநாளைக்கு ஓர்சே அருங்காட்சியகம் போகச் சொன்னார். அது திங்கட்கிழமைதான் விடுமுறை. வான்கோ ஓவியங்களுக்கு முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். லூவர் பார்க்காமலேயே ஊர் திரும்பினார்.

எங்களிடம் கொடுத்திருந்த லூவர் ‘டிக்கெட்’ பற்றியும் சொல்ல வேண்டும். லூவரின் உண்மையான டிக்கெட்டில் தேதியும் நுழைவு நேரமும் இருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு அவர்கள் டிக்கெட்டே விற்பதில்லை. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை தேதி போட்டு எங்களுக்குத் தந்த காகிதம் என்ன? நிறுவனம் தானே அச்சடித்த வவுச்சர். அதில் ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை, கீழே அவர்கள் லோகோ மட்டும் இருந்தது. டிக்கெட்டே வாங்காமல் டிக்கெட் காசு வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது லூவர் கட்டணம் 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிற நம்மைப் போன்றவர்களுக்கு 32 யூரோ. நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னப் பணம் இல்லை. பணம் கட்டிய பிறகு, அருங்காட்சியகம் அனுப்பிய மூல டிக்கெட்டையே கேளுங்கள்.

ரயிலிலும் இதே கதை. பாரிஸ் எஸ்த் நிலையத்திலிருந்து அல்சாஸில் இருக்கும் கோல்மார் நகரத்துக்கு டிஜிவி என்ற அதிவேக ரயில் நேரடியாக இருக்கிறது, சுமார் இரண்டே கால் மணி நேரப் பயணம். சீக்கிரம் வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். டிக்கெட்டின் க்யூஆர் குறியீட்டை மட்டும் வெட்டிப் படமாக அனுப்பினார்கள். மூல மின்னஞ்சல் வேண்டும் என்று மனைவி விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியபோது, அதில் ஒரு டிக்கெட் விலை 45 யூரோ. எங்கள் பில்லில் 110.

கோல்மாரில் ரிக்விர் விடுதிக்குப் பதிலாகக் கிடைத்தது ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவில், நெடுஞ்சாலையோர ஹோட்டல். வியாழக்கிழமை ‘கிராமச் சுற்றுலா’. தனி வண்டி என்று சொல்லியிருந்தார்கள், வந்தது வேறு இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வேன். எகிசெம், கைசர்ஸ்பெர்க், ரிக்விர், ஹுனவிர், ரிபோவில்லே என்று ஒரே நாளில் ஐந்து ஊர். ஒவ்வொரு ஊருக்கும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ரிக்விரில் மேட்டுத் தெருவில் அம்மா மெதுவாக ஏறி, 13-ஆம் நூற்றாண்டு டோல்டர் கோபுரத்தின் அடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்த அந்த நிமிஷம் டிரைவரிடமிருந்து போன்: கிளம்ப வேண்டும். தான் தங்கியிருக்க வேண்டிய விடுதியைத் தெருவில் தேடிக்கூடப் பார்க்க முடியவில்லை அம்மாவால். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் திட்டத்தில் வெறுமனே ‘ஓய்வு’. நாங்களே கோல்மார் ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஊர்ப் பேருந்தில் கைசர்ஸ்பெர்க் போனோம். டிக்கெட் சில யூரோதான். ஆற்றின் மேல் இருக்கும் பழைய கல் பாலத்துக்குப் பக்கத்தில் அம்மா ஆசைப்பட்டபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தார். நோபல் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-ல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று தெரிந்ததும் அப்பா அவர் வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டார். பயணத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்த நாள் இதுதான், இதற்கு நிறுவனம் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. ஒன்று கவனியுங்கள்: இந்தக் கிராமப் பேருந்துகள் வார நாளிலேயே குறைவு, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஓடாது. மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவர்கள் ஃபிளாம்குஷ் (பீட்சா மாதிரி மெல்லிய அல்சாஸ் பண்டம்) வாங்கும்போது பன்றி இறைச்சித் துண்டு போடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

திரும்பி வந்து முதலில் பார்த்தது வருமான வரித் தளத்தில், நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம். எங்களிடம் வாங்கிய டிசிஎஸ் 34,000 ரூபாய் அதில் இல்லவே இல்லை. அதாவது அரசுக்குக் கட்டுவதாகச் சொல்லி வாங்கிய பணத்தைக் கட்டவில்லை. வரித்துறைக்குப் புகார் போகும் என்று எழுதிய பிறகுதான் கட்டினார்கள். பேக்கேஜில் போனவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துவிடுங்கள். டிசிஎஸ் உங்கள் பணம், வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

மற்றதற்கு மூன்று மெயில் போட்டும் பலன் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தோம், பிறகு மாவட்ட ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார் கொடுத்தோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கட்டிய தொகைக்கு ஆணையக் கட்டணம் 200 ரூபாய்தான்.

நோட்டீஸ் போன பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு மேலாளர் கூப்பிட்டு, அடுத்த டூரில் நாற்பதாயிரம் ரூபாய் தள்ளுபடி தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம்.

இப்போது யாராவது விசாவுக்காகக் காத்திருந்தால், பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே ஹோட்டல்களுக்கு நேரடியாக ஒரு வரி எழுதி, உங்கள் புக்கிங் எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா, பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலே பதில் போடுகிறார்கள். கிளம்புகிற வரைக்கும் வாரம் ஒருமுறை கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள், ரத்தான தேதியை ஹோட்டலிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விசா ஒட்டப்பட்ட தேதியோடு அதைச் சேர்த்து வைத்தால் ஆணையத்தில் வேறு விளக்கமே தேவைப்படாது.