முன்பதிவு வேண்டாத தீவு: சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் செல்லும் படகுச் சேவை

சிங்கப்பூரில் இருப்பவர்கள் வாரக்கடைசியில் ஊரைவிட்டுச் சற்று விலகியிருக்க நினைத்தால் இந்தோனேசியத் தீவுகளான பாத்தாம், பிந்தான் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அவற்றுக்குக் கடப்பிதழ் வேண்டும், படகுச்சீட்டு வாங்க வேண்டும், தங்குமிடம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் கைகூடுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற ஆசையே ஆறிவிடும். காலையில் கண்விழித்த பிறகு தோன்றிய எண்ணத்தை அன்று முற்பகலிலேயே நிறைவேற்றித் தரும் தீவுப் பயணம் ஒன்று வேண்டுமென்றால், சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து, சிங்கப்பூரையே சேர்ந்த புலாவ் உபின் தீவுக்குச் செல்லும் பம்போட் என்னும் சிறு மோட்டார் படகையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்தைப் பிடித்துச் சாங்கி வில்லேஜில் இறங்கினால், உணவங்காடி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே துறை இருக்கிறது. இந்தச் சேவைக்குக் கால அட்டவணை கிடையாது, முன்பதிவும் கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும் என்பதே விதி. ஆள் சேரும்வரை காத்திருக்க இயலாதவர்கள் மீதமுள்ள இடங்களுக்கான பணத்தையும் தங்களுக்குள் பகிர்ந்து கொடுத்துவிட்டு உடனே கிளம்பலாம். நான் சென்றபோது கட்டணம் ஆளுக்கு 4 வெள்ளி; சொந்த சைக்கிளை ஏற்றிச் செல்பவர்கள் அதற்குத் தனியாகத் தர வேண்டும். பணத்தைப் படகோட்டியிடமே கொடுப்பதால் சில்லறையாக வைத்திருப்பது நல்லது. இதே துறையிலிருந்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள பெங்கேராங்கிற்கும் படகுகள் செல்கின்றன என்பதால், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்; உபினுக்குக் கடப்பிதழ் தேவையில்லை.

வாரக்கடைசிக் காலைகளில் 12 பேர் சேர அதிக நேரம் ஆவதில்லை. வாரநாள் பிற்பகலில் மட்டும் பொறுமை வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பை நான் குறையாகக் கருதவில்லை. தூண்டிலோடு வந்திருக்கும் முதியவர், பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிவிடும் தாய், பெரிய கேமராவைத் தோளில் சுமந்திருக்கும் பறவை ஆர்வலர் என முன்பின் அறியாதவர்கள் எல்லாரும் "இன்னும் இரண்டு பேர்", "இன்னும் ஒருவர்" என்று சேர்ந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். கடைசி ஆள் படிக்கட்டில் தென்பட்டதும் அத்தனை முகங்களிலும் ஒரே நேரத்தில் மலர்ச்சி தெரிகிறது. செயலி வழியே முன்பதிவு வந்தால் வசதியாக இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். வந்தால், வெயில் நன்றாக இருக்கிறதே என்று பத்து மணிக்கு நினைத்துப் பதினொரு மணிக்குப் படகேறுபவர்களுக்கு வாரக்கடைசியில் இடம் இருக்காது என்றே நான் அஞ்சுகிறேன்.

பயணம் பத்து முதல் பதினைந்து நிமிடம். இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது, டீசல் வாடையும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கம் அமர்வது நல்லது. சாங்கியில் ஏறி இறங்கும் விமானங்களையும் நீரிணையில் மிதக்கும் மீன் பண்ணைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உபின் துறை வந்துவிடுகிறது. இறங்கும் இடத்தில்தான் கவனம் தேவை. ஆடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து படிக்குக் கால் வைக்க வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இருவர் துணையோடு அழைத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்தப் படகு ஏற்றதல்ல என்பதே இச்சேவையின் மிகப் பெரிய குறை.

தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்மணலும் நீல நீருமாக ஒரு கடற்கரையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். இது நீந்துவதற்கான தீவு அல்ல. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு கருங்கல்லால் ஆனது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்க 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கும் இங்கிருந்து கல் சென்றது. கல்லுடைப்பு நின்ற பிறகு பள்ளங்களில் நீர் நிரம்பி, இன்று அவை நாரைகள் கூடும் குளங்களாக இருக்கின்றன. தேசிய மின்கட்டமைப்புடன் இணைக்கப்படாத இத்தீவில் எஞ்சியிருக்கும் கம்பத்து (கிராமத்து) வீடுகளையும், துறையருகே உள்ள சீனர் கோயிலையும் அதன் எதிரே நிற்கும் நாடக மேடையையும் நின்று பார்க்காமல் சைக்கிளில் விரைந்துவிடாதீர்கள்.

துறையை ஒட்டிய தெருவில் சைக்கிள் வாடகைக் கடைகள் வரிசையாக உள்ளன. நான் வாடகைக்கு எடுத்த கடையில் முதலில் கொடுத்த வண்டிக்குப் பின் பிரேக் பிடிக்கவே இல்லை. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா சதுப்புநிலத்துக்குச் செல்லும் வழியில் செங்குத்தான இறக்கங்கள் இருப்பதால் இதை அலட்சியமாக விடக்கூடாது. இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்து, தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

செக் ஜாவா துறையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். அதன் கரையை மண் கொட்டி நிரப்பும் திட்டம், பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் கொடுத்ததால் 2001 இறுதியில் ஒத்திவைக்கப்பட்டது. அங்கே நிற்கும்போது அந்த முடிவுக்காக நன்றி சொல்லத் தோன்றும். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துச் சென்றால், ஒரு கையை மட்டும் பெரிதாக உயர்த்தி ஆட்டும் சிறு நண்டுகளையும் சேற்றில் துள்ளும் மீன்களையும் சதுப்புநில நடைபாதையிலிருந்தே காணலாம். நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வண்டியை நிறுத்தும்போது கூடையில் உணவுப் பையை விட்டுச் செல்லாதீர்கள். என் கண்ணெதிரே ஒரு காட்டுப்பன்றி கூடையில் மூக்கை நுழைத்து, நெகிழிப்பையைப் பற்றி இழுத்து, வண்டியையே சாய்த்துவிட்டு ரொட்டியோடு புதருக்குள் போனது. குரங்குகளும் இதே வேலையைச் செய்கின்றன.

குடிநீரையும் கொசு மருந்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். திரும்பும்போதும் அதே 12 பேர் விதிதான் என்பதால், மாலை மங்குவதற்கு முன்பே துறைக்கு வந்துவிடுவது நல்லது. இருட்டிய பிறகு ஆள் சேர்வது அரிது, முழுப் படகுக்கும் நீங்களே பணம் கொடுக்க நேரிடலாம்.