பிபிஏ லாஜிஸ்டிக்ஸா, பி.காம். முடித்து எம்பிஏவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சேலத்தில் எங்கள் அன்னதானப்பட்டித் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பிள்ளையை லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்குப் போக்குவரத்தும் கிடங்கும் பற்றிய படிப்பு, படிக்க வைக்க ஆசை; நேராக பிபிஏ லாஜிஸ்டிக்ஸில் சேர்ப்பதா, இல்லை என்னைப்போல பி.காம். முடித்து எம்பிஏவில் அதை எடுப்பதா? நான் இரண்டாவது வழியில் போனவள். என் சித்தி மகன் கோயம்புத்தூரில் முதல் வழியில் படித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். என் சாய்வு பி.காம். பக்கம்தான், அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

வெளிப்படையாகத் தெரிகிற விஷயங்கள் முதலில். பிபிஏ மூன்று வருடம், என் வழி ஐந்து வருடம். பிபிஏ முடித்த கையோடு சம்பளம் வரும். எம்பிஏவுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் கூடுதல். வீட்டில் கடன் நெருக்கடி இருந்தால் இந்த இரண்டு வருட வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும், அதில் வாதாட ஒன்றுமில்லை.

தம்பியின் படிப்பைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. கிடங்கு என்றால் அவனுக்கு அத்துப்படி. ஒரு பொங்கலுக்கு வந்தவன், நான் வேலை பார்த்த, சரக்குக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸின் குடோனைச் சுற்றிப் பார்த்தான். அரை மணி நேரத்தில், "அக்கா, தினமும் போற பார்சலை ஏன் கடைசிச் சுவர்கிட்ட அடுக்கியிருக்கீங்க? லோடுமேனுங்க நடந்தே களைச்சுப் போறாங்க" என்றான். அதிகம் ஓடுகிற சரக்கை வாசலுக்குப் பக்கம் வைக்க வேண்டும் என்பது அவனுக்கு இரண்டாம் வருடப் பாடம். எங்களில் யாருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. மறுவாரமே மாற்றி அடுக்கினோம்.

பிறகு ஏன் பி.காம். என்கிறேன்? எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் ஆளைத் தூக்கி நிறுத்துவது கணக்குதான். வண்டியும் குடோனும் அதற்குப் பிறகு.

அப்பா லாரி டிரைவர். அவருக்குத் தெரிந்தவர் மூலமாக, கல்லூரியில் முதல் ஷிப்ட் முடிந்ததும் மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புக்கிங் ஆபீஸில் எல்.ஆர். (சரக்கை ஏற்றியதற்கான லாரி ரசீது) எழுதப் போனேன். நான் பி.காம். சேர்ந்த 2017 ஜூலையில்தான் ஜிஎஸ்டி வந்தது. அடுத்த ஏப்ரலில், சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் வந்தது. காலையில் வகுப்பில் ஆசிரியர் ஜெராக்ஸ் தாளை வைத்து நடத்துவதை மத்தியானம் ஆபீஸில் கணக்கர் ஐயாவுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன். அவர் பதிலுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தது வட்டி.

அந்த வட்டிக் கணக்கை விளக்குகிறேன். சேலத்திலிருந்து புனேக்கு ஜவ்வரிசி லோடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விரத நாட்களில் ஜவ்வரிசி சாப்பிடுவதால் சீசனில் வண்டி நிற்காமல் ஓடும். வாடகை 60,000 ரூபாய் என்போம். அதில் 50,000 ரூபாயை ஏற்றும் அன்றே லாரிக்காரருக்கு அட்வான்ஸாகக் கொடுத்தாக வேண்டும். டீசல் யாருக்கும் கடனுக்கு நிற்காது: போக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், லோடோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலே ஒரு வழிக்கு 24,000 ரூபாய் பக்கம் வந்துவிடும். ஆனால் சரக்கு அனுப்பியவர் நம் பில்லுக்குப் பணம் தருவது 45 நாள் கழித்து. அதுவும் சரக்கு இறங்கிய இடத்தில் கையெழுத்தும் சீலும் வாங்கிய எல்.ஆர். நகல் திரும்பி வந்தால்தான் பில்லே போட முடியும். அந்த 50,000 மாதம் ஒன்றரை வட்டிக்குப் புரட்டிய பணமானால் 45 நாளுக்கு 1,125 ரூபாய் வட்டி. ஆபீஸுக்குக் கமிஷன் 2,000 ரூபாய் என்றால் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. நகல் வருவது இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனால் மீதியில் 750 ரூபாய் காலி. லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆபீஸில் மிஞ்சுவது ஒன்றுமிருக்காது.

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரிடம்தான் வாடகை பேசும் வேலை வருகிறது. பி.காம். மூன்று வருடமும் பேரேடு, ஐந்தொகை, செலவுக் கணக்கியல், வரி என்று இதைத்தான் திரும்பத் திரும்பக் கைக்குப் பழக்கியது. தம்பிக்கும் கணக்கியல் பாடம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான் என்கிறான். அவனுடைய கம்பெனியில் லாரி வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சுக்கு அவனைக் கூப்பிடுவதில்லை. அங்கே உட்காருகிறவர்கள் எம்பிஏவோ காஸ்ட் அக்கவுண்டன்ட்டோ படித்தவர்கள். இது ஒரு பையன், ஒரு கம்பெனி. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

வரி விஷயமும் அப்படியே. எல்.ஆர். எழுதிக் கொடுக்கிறவர்தான் ஜிஎஸ்டி சட்டப்படி சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி. வெறும் வண்டியை வாடகைக்கு விடுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஏஜென்சி வாடகைக்குப் பல இடங்களில் வரியைக் கட்டவேண்டியவர் சரக்குக்காரர், லாரி ஆபீஸ் இல்லை. இதைப் புரியாமல் பில் போட்டால் பார்ட்டியிடம் பணம் சிக்கிக்கொள்ளும்.

2019இல் என் கையாலேயே ஒரு தவறு நடந்தது. ஹூப்ளி பக்கம் ஆக்சில் உடைந்து சரக்கை வேறு லாரிக்கு மாற்றினார்கள். டிரைவர் போன் செய்து புது வண்டி நம்பர் சொன்னார். நான் எல்.ஆர். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன், இ-வே பில்லில் வண்டி நம்பர் இருக்கும் பார்ட் பி-யில் மாற்றவில்லை. வழியில் சோதனை வந்து வண்டி இரண்டு நாள் நின்றது. அபராதம் கட்டித்தான் நகர்ந்தது. கணக்கர் ஐயா திட்டவில்லை. "பாப்பா, போனை வைக்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏத்திடு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

எம்பிஏ எனக்குத் தந்தது வேறு. ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் போக்குவரத்துக் கணக்கு என்று ஒன்று வரும்: எந்த ஆலையிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்பது. கட்டம் போட்டு அழகாக விடை வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் வண்டி திரும்பி வருவது எங்கும் இல்லை. எங்கள் ஆபீஸில் வாடகையையே முடிவு செய்தது ரிட்டர்ன் லோடுதான். புனேயிலிருந்து சேலம் லீ பஜாருக்கு வெங்காயம் உடனே கிடைக்கும் காலத்தில் லாரிக்காரர் போகும் வாடகையில் இறங்கி வருவார். இரண்டு நாள் ஹால்டிங் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றால் பிடிவாதமாக நிற்பார். இதை வகுப்பில் சொன்னபோது பேராசிரியர் அதையே என் புராஜெக்ட்டாக எடுக்கச் சொன்னார். ஆபீஸில் மூன்று வருடம் உட்காராமல் போயிருந்தால் எனக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதனால் பி.காம். சேர்கிறவர்கள் வகுப்பு போக மீதி அரை நாளை வீணாக்காமல் ஒரு லாரி ஆபீஸிலோ, ஜவ்வரிசி மில்லிலோ, ஆடிட்டரிடமோ உட்காருங்கள். அது இல்லாத பி.காம்.மை நான் இந்த அளவுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எம்பிஏவில் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் லாஜிஸ்டிக்ஸ் என்று தனியாக இருக்காது, இரண்டாம் வருடத்தில் ஆபரேஷன்ஸ் பிரிவுக்குள் ஓரிரண்டு தாள்களாக ஒளிந்திருக்கும். சேருவதற்கு முன்பே பாடத்திட்டத்தை வாங்கித் தாள்களை எண்ணிப் பாருங்கள்.

துறைமுகம், கஸ்டம்ஸ், கன்டெய்னர் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ அந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு பிபிஏதான் விரைவான வழியாக இருக்கலாம். என்னோடு எம்பிஏ படித்த இருவர் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே வேலையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் காத்திருக்க முடியாத வீடு என்றால் பிபிஏவே சேருங்கள், ஆனால் படிப்போடு சேர்ந்த அப்ரென்டிஸ் பயிற்சி உள்ளதாகப் பாருங்கள். கல்லூரி வாசலில் மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்தி, எந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் இருந்தார்கள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள், பில்லைத் தொட விட்டார்களா, இல்லை பெட்டியை மட்டும் எண்ணச் சொன்னார்களா என்று கேளுங்கள். எங்கள் தெருப் பையனும் அவன் அம்மாவும் வருகிற திங்கட்கிழமை அப்படிக் கேட்கப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.