பழ ஈயா, புழுவா? ஃப்ரீசரைக் கேளுங்கள்

மரபணு ஆராய்ச்சிக்கு எந்த உயிரைத் தேர்ந்தெடுப்பது, பழ ஈயையா, புழுவையா என்று யோசிக்கிறவர்களுக்கு இது. பிஎச்.டி. முதல் வருடம் பழ ஈ ஆய்வகத்தில் மூன்று மாதம், புழு ஆய்வகத்தில் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டுப் புழுவையே எடுத்துக்கொண்டேன். ஈயோடு எனக்குப் பழக்கம் அந்த மூன்று மாதம்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நான் சொல்லும் புழு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்: ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. ஒரு தலைமுறைக்கு 20 டிகிரியில் மூன்றரை நாள். ஈக்கு 25 டிகிரியில் பத்து நாள். இருபாலிப் புழு (விந்தும் முட்டையும் ஒரே உடம்பில்) வளர்ந்து முடித்தால் உடல் செல்கள் 959, அதில் நரம்பு செல்கள் 302. எந்த செல் எதிலிருந்து பிரிந்தது என்கிற முழு வம்சாவளியும் 1983-லேயே தயார்.

என்னைப் புழுப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. ஈக்களை உயிரோடு வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்டாக்கையும் (தனித்தனியாக வளர்க்கும் ஈ வகையையும்) புதுக் குப்பிக்குத் தட்டி மாற்ற வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதென்றாலும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறலாம். ஈயின் கருக்களை உறையவைக்கும் முறை ஒன்று 2021-ல் வெளிவந்தது. நான் செய்து பார்த்ததில்லை. படித்த வரையில் கை பழகியவர்களுக்கே வேலை வாங்கும்.

புழுவுக்கு அந்தக் கவலை இல்லை. வளர்ப்புத் தட்டில் அவற்றின் சாப்பாடான ஈ.கோலை பாக்டீரியா தீர்ந்து பட்டினி கிடக்கும் முதல் பருவ இளம்புழுக்களைக் கழுவி எடுத்து, கிளிசரால் கரைசலில் கலந்து, தெர்மோகோல் பெட்டியில் வைத்து மைனஸ் 80 ஃப்ரீசருக்குள் தள்ளிவிடலாம். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் நிதானமாகக் குளிரத்தான் அந்தத் தெர்மோகோல். வருடங்கள் கழித்து உருக்கித் தட்டில் ஊற்றினால், எல்லாம் செத்துப்போன மாதிரி குச்சி குச்சியாகக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றிரண்டு தலையை ஆட்டும். நூற்றில் முப்பது பிழைத்தாலே தாராளம். இருபாலி என்பதால் ஒரே ஒரு புழு, துணையில்லாமலே 300 வாரிசு வரை தரும். ஃப்ரீசரில் இருக்கும்வரை புது மரபணு மாற்றங்களும் சேராது.

இதன் அருமை எனக்கு ஒரு மே மாதத்தில் புரிந்தது. சனி ஞாயிறில் இன்குபேட்டர் நின்று அறை வெக்கையில் தட்டுகள் வெந்தன. 25 டிகிரிக்கு மேல் போனால் புழு மலடாகத் தொடங்கும். திங்கட்கிழமை பார்த்தால் முட்டையே இல்லை. இரண்டு வருட உழைப்பில் சேர்த்த மியூட்டன்ட்கள், அதாவது மரபணு மாறிய புழுக்கள்! ஃப்ரீசரிலிருந்து குழாய்களை எடுத்தேன், அடுத்த வாரமே வேலை தொடர்ந்தது.

சரி, ஈ எப்போது? இறக்கை, கால், கண் எப்படி உருவாகின்றன என்பது உங்கள் கேள்வியானால் யோசிக்காமல் ஈயிடம் போங்கள். புழுவுக்கு அதில் ஒன்றுமே கிடையாது. சேரும் முன், அந்த ஆய்வகத்தில் குப்பி மாற்றும் முறை யார் யாருக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.