மஞ்சள் கோடா, தடுப்பா, நீல விளக்கா: ஃபோர்க்லிஃப்ட் ஓடும் குடோனில் எதற்கு முதல் செலவு?

3 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் காலியாகவே 4 டன்னுக்கு மேல் இருக்கும். முழுச் சரக்கோடு 7 டன்னைத் தாண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது ஒரு நொடியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே வரும் ஆளைப் பார்த்து ஆபரேட்டர் பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு நொடி ஆகும். ஓங்கி மிதித்தால் ஃபோர்க்கில் உள்ள பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) முன்னால் சரியும்.

நடைபாதையைப் பிரித்துக் காட்டும் மஞ்சள் கோடு மலிவு. ஆனால் இந்த வண்டி பின்சக்கரத்தால் திரும்புவது. முனைகளில் பின் டயர் தரையை அரைப்பதால், எங்கே கோடு மிகவும் வேண்டுமோ அங்கேதான் பெயின்ட் முதலில் அழியும். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே வீசி கோட்டையும் தாண்டும். நடைபாதையில் நாலு பேலட்டை இறக்கி வைத்துவிட்டால், நடப்பவர் வண்டிப் பாதையில்தான் இறங்கியாக வேண்டும்.

தடுப்பு மட்டுமே யாருடைய கவனத்தையும் நம்பாதது. இரும்புத் தடுப்பு இடியின் விசையை அப்படியே அதைத் தரையோடு பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் கடத்தும். ஒருமுறை இடிபட்டபின் கம்பம் நேராகவே நிற்கலாம், போல்ட் தளர்ந்திருக்கும். கையால் அசைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. பாலிமர் தடுப்பு வளைந்து மீளும். அது வளையும் தூரத்தை உற்பத்தியாளரிடம் கேட்டு, அவ்வளவு இடத்தைப் பின்னால் காலியாக விட்டபிறகே நடைபாதை தொடங்க வேண்டும். கடக்கும் இடத்தில் வைக்கும் கேட், நடப்பவர் தன் பக்கம் இழுத்துத் திறப்பதாகவும் தானே மூடிக்கொள்வதாகவும் இருக்கட்டும். தள்ளித் திறக்கும் கேட் ஆளை நேரே வண்டிப் பாதைக்குள் விட்டுவிடும்.

தடுப்பு போட முடியாத ரேக் முனைகளுக்கு, வண்டியில் பொருத்தித் தரையில் ஒளி விழவைக்கும் நீல விளக்கு நல்லது. வண்டிக்கு 5 மீட்டர் முன்னால் ஒளி விழுந்தால், வண்டி அதே 10 கி.மீ. வேகத்தில் வரும்போது நடப்பவருக்குச் சுமார் 1.8 நொடி கிடைக்கும். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பே வாசலில் வெயில் அந்த ஒளியை விழுங்கிவிடும். அங்கே ஹாரனும் குறைந்த வேகமும்தான். பின்னோக்கி ஓட்டுவதே பாதி வேலை என்பதால் பின்னால் ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும்.

நடப்பவர் அணிந்த டேக் அருகில் வந்தால் ஆபரேட்டருக்குப் பீப் அடிக்கும் டேக் சென்சாரைக் கடைசியில் வைப்பேன். வெளியிலிருந்து வரும் லாரி டிரைவரிடம் டேக் இருக்காது. இடம் பழகாதவரும் அவர்தான். குறுகலான பாதையில் ஓயாமல் பீப் அடித்தால் ஆபரேட்டர் காதுக்கு அது பழகிப்போகும்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், கேன்டீன், கழிவறை, டைம் ஆபீஸ் என வண்டிப் பாதையில் நேராகத் திறக்கும் ஒவ்வொரு கதவின் முன்னும் இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தடுப்பு போடுங்கள். வெளியே வருபவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். கோட்டை அதற்குப் பிறகு அடிக்கலாம்.