விஞ்ஞானக் காட்சிக்கூடம்: வளர்ந்தபின் போனால் எதைப் பார்ப்பது?

மட்டக்களப்பு நகரத்துச் சிறிய கூடம்தான். பள்ளிக் காலத்தில் தலைமயிரை எழுப்பிய, நிலைமின் உண்டாக்கும் வான் டி கிராவ் பிறப்பாக்கி இப்போது சும்மா சுற்றினால் பழுதென்று எண்ண வேண்டாம். வாவிக் காற்றின் ஈரம் றப்பர்ப் பட்டியிலும் தாங்கித் தண்டிலும் படிந்து, சேரும் மின்னேற்றம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. பட்டியை ஹெயார் டிரையரால் சில நிமிடம் உலர்த்தி, கோளத்தின் தூசியைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் பொறி பறக்கும். மார்கழி மழையில் அதுவும் சந்தேகம். ஆனி, ஆடியில் கச்சான் வீசும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

ஊசல், நியூற்றன் தட்டு, பெரிஸ்கோப்புக்கு ஒரு பார்வை போதும்.

நேரம் செலவழிக்க வேண்டியது சுரமானியில்: பெட்டிமேல் இழுத்துக் கட்டி, நுனியில் நிறை தொங்கவிட்ட இழை அது. 60 சென்ரிமீற்றர் இழையை முழுதாக மீட்டினால் ஸ சுரம். இழையைத் தாங்கும் பாலத்தை நகர்த்தி 45 ஆக்கினால் ம, 40இல் ப, 30இல் மேல் ஸ. காரைதீவில் 1892இல் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் யாழ் என்ற இசைக்கருவியில் ஆராய்ந்ததும் இப்படியான நரம்புக் கணக்கைத்தான். இதைச் சொல்ல அங்கே ஒரு வரிகூட இல்லை. இருக்கிற பலகையும் பிழை: நிறையை இரட்டித்தால் மீடிறன் (அதிர்வெண்) இரட்டிக்கும் என்கிறது. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 1 கிலோ தொங்கிய இடத்தில் 4 கிலோ தொங்கவிட்டால்தான் மேல் ஸ கேட்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் நிறைகளை மாற்றிக் காட்டிவிடுங்கள்.

வாவியில் மீன் பாடும் ஊர் என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் நீரடி ஒலியைக் கேட்க ஒரு கருவியும் வைக்கவில்லை. துடுப்பை நீரில் அமிழ்த்திப் பிடியில் காதை வைத்தாலே மரம் ஒலியைக் கடத்தும். அதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டி போதுமே!