இறக்கத்தில் வலிக்கும் முட்டி: தடவலா, ஊசியா, பிசியோவா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் நாற்பதைத் தாண்டியும் ஓடியாடித் திரிகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏற்றத்தைப் பற்றி அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டார்கள். இறக்கம்தான் ஆளைக் கொல்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். முட்டிச் சில்லின் மேல் விழும் அழுத்தம் சமதரையில் நடப்பதைவிட மிக அதிகம். அதோடு இடுப்பும் பிடித்துக்கொண்டால் குன்னூரில் மேலே இருக்கும் பெட்போர்டிலிருந்து கீழே மார்க்கெட்டுக்கு இறங்குவதே பெரும்பாடு.

எனக்கு இரண்டும் இருந்தது. முன்னால் இருந்த வழிகள்: எண்ணெய் போட்டுத் தடவிவிடும் வைத்தியர், கோயம்புத்தூர் போய் முட்டியில் ஸ்டீராய்டு ஊசி, கையால் மூட்டை அசைத்துச் சரிபார்க்கும் பிசியோ. நான் போனது பிசியோவிடம். ஆகவே தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இடுப்பு பெல்ட்டைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு பெல்ட்டும் வேண்டாம், இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

தடவல் சுகம். அதில் சந்தேகமே இல்லை. சூடான எண்ணெய் பட்டதும் இறுகிக் கிடந்த இடுப்பு இளகும். ஊட்டிக் கடைகளில் கிடைக்கும் விண்டர்கிரீன் தைலத்தையும் சேர்த்துவிட்டால் சுரீரென்று பிடிக்கும். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தாராளமாகத் தேய்க்க வேண்டாம். சுளுக்கு எடுப்பவர் 'படக்' என்று சத்தம் வரவைத்து "எலும்பு இடத்துல உட்கார்ந்துடுச்சு" என்பாரே, அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம் அது. எனக்குத் தடவலின் பலன் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். வர்மம் தெரிந்த ஆசானின் கையே வேறு என்கிறார்கள்; நல்ல ஆசானிடம் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஊசி நான் போட்டுக்கொண்டதில்லை. போட்டவர்கள் சொல்வது ஒன்றுதான்: சீக்கிரம் கேட்கும், சில வாரங்களில் வலி திரும்பி வரும். 2020-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. முட்டித் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, மீதிப்பேருக்கு பிசியோ. ஒரு வருடம் கழித்து வலியையும் சிரமத்தையும் சேர்த்து அளந்ததில் ஊசிக்காரர்கள் 55.8, பிசியோகாரர்கள் 37.0. எண் குறைந்தால்தான் நல்லது. அங்கே கொடுத்த பிசியோ கரண்ட் மெஷின் சமாச்சாரம் அல்ல. கையால் அசைப்பதும் பயிற்சியும் சேர்ந்தது.

என் பிசியோ முதல் நாள் என்னைப் படுக்கவே வைக்கவில்லை. ஒரு சின்ன ஸ்டூலில் ஏறச் சொல்லி, ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். "அக்கா, அங்கேயே நில்லுங்க. முட்டி உள்பக்கம் சாயுது பாருங்க. இடுப்புப் பக்கத் தசை வேலையே செய்யல." அப்புறம்தான் கை வைத்தாள். குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் கீழ்முதுகின் ஒவ்வொரு எலும்பையும் சிறிசாக, விட்டுவிட்டு அழுத்தினாள். முட்டிக்கு வேறு மாதிரி: எலும்பை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே என்னை மடக்கி நீட்டச் சொன்னாள். நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் வகுத்த முறை அது. பிடித்திருக்கும்போது வலிக்கக் கூடாது, வலித்தால் அந்தப் பிடி தப்பு, மாற்ற வேண்டும் என்பது கணக்கு.

அந்தக் கைவேலையின் பலனும் நீடிக்காது. அதை அவளே ஒளிக்காமல் சொன்னாள். வலி தணிந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தசையைப் பழக்கிக்கொள்ள வேண்டும், கை வைப்பதே அதற்குத்தான். சிகிச்சை வழிகாட்டுதல் கொடுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் முதுகு வலிக்கும் 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கும் சொன்னது இதையேதான்: கைச்சிகிச்சை தனியாக வேண்டாம், பயிற்சியோடு கொடுங்கள்.

நான் பிசியோ பக்கம் நின்றது பராமரிப்பை வைத்துத்தான். தடவலை நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வைத்தியர் ஊருக்குப் போனால் வலியும் திரும்ப வந்துவிடும். ஊசி என்றால் ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூர் போகும் மலை ரோட்டின் பர்லியார் வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும், இடுப்பு வலிக்காரருக்கு அந்தப் பயணமே பாதி நோய். ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அதுவும் இல்லை. வாசல் கடைசிப் படி மட்டும் எங்கேயும் போகாது. அதில் ஒற்றைக்காலில் இறங்கி ஏறுவது, சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரலில் நிற்பது, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது, இவ்வளவுதான் என் பாடம். ஆரம்பத்தில் அடிக்கடி போனேன், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, இப்போது தேவைப்பட்டால் மட்டும். செலவும் அப்படியே இறங்கியது. லாம்ஸ் ராக் பக்கம் நடக்கப் போனால் இறக்கத்துக்கு மட்டும் கைத்தடி.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்றால், கொழுந்து பறிக்கும் எங்கள் சின்னம்மா சிரிக்கிறார். "பகல் பூரா ஏறி இறங்குறேன், சாயங்காலம் வந்து படியில வேற ஏறணுமாக்கும்?" நியாயம்தான். அவருக்கு வாரம் ஒருநாள் எண்ணெய்தான் சரிப்படுகிறது, நானும் வற்புறுத்துவதில்லை.

பிசியோ தேடுகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள்: நடக்க வைத்துப் பார்ப்பீர்களா, வீட்டுப் பயிற்சி எழுதித் தருவீர்களா? மெஷினில் படுக்கப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகும் இடமும் உண்டு. எலும்பு மெலிந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு முதுகைச் சொடுக்கக் கூடாது. தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ தவிப்பது, கால் திடீரென்று துவள்வது, காய்ச்சலோடு முதுகு வலி: இதில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி.